கரேரா ஜிடி: ஓடாத வண்டியை விற்பனைக்குப் பார்த்தவங்க வாங்க, பேசுவோம்

கியர்ப்பித்தன்

மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். டுசெல்டார்ஃப் பக்கத்துல ஒரு கடை, பேர் வேண்டாம். உள்ள வெள்ளி நிறத்துல 2005 போர்ஷே கரேரா ஜிடி. மீட்டர் இன்னும் மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டல. விலைப்பலகை கிடையாது, கேட்டாத்தான் சொல்வாங்களாம். என் செருப்பைப் பார்த்துட்டு, கேட்டும் சொல்லல.

ஆனா விக்கிறவர் வரலாறு மட்டும் தாராளமாச் சொன்னார். 1948ல ஆஸ்திரியாவுல க்முண்ட் ஊர்ல பழைய மரம் அறுக்குற ஆலையில உருவான போர்ஷே 356 காருல ஆரம்பிச்சார். கரேராங்கிற பேர் மெக்சிகோ பந்தயமான கரேரா பனமெரிக்கானாவுலேர்ந்து வந்ததுன்னார். 1954ல அங்க மூணாவதா வந்த ஹான்ஸ் ஹெர்மன்தான் 1970ல ரிச்சர்ட் அட்வுட்டோட சேர்ந்து 917 பந்தயக் காரை ஓட்டி, பிரான்ஸோட லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துல போர்ஷேவுக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைக் கொடுத்தார்னு முடிச்சார். கியர் தண்டுல இருக்கிற மரக்குமிழைத் தடவிக் காட்டி, 917லயும் மரம்தான்னார். எல்லாம் சரி.

நான் பின்டயர் பக்கம் குந்தினேன். புது டயர்ல முடி முடியா நீட்டிக்கிட்டு இருக்குமே ரப்பர், அது அப்படியே இருக்கு. பக்கத்துல தேதி எண் 4804. 2004ஆம் வருஷம், 48ஆவது வாரம். நான் படிக்கிறதைப் பார்த்துட்டு அவர் மெதுவா வந்து, பளபளன்னு இருந்த ஷூவை அந்த எண்ணுக்கு நேரா வச்சு நின்னுக்கிட்டார். நின்னுக்கிட்டே சொல்றார், டயர்கூட ஒரிஜினலாம்!

ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்களேன்னு கேட்டேன். கூடத்துக்குள்ள புகை வரும்னுட்டார். அந்தப் பத்து சிலிண்டர் வி10 எஞ்சின் சத்தத்தைக் கேக்காமலே திரும்பினேன். யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

உல்ம்_தம்பி

அண்ணை, நான் கண்டது இதுக்கு நேர் எதிர். ஏ8 ஓட்டோபான், உல்முக்குக் கிட்ட ஒரு பெற்றோல் ஸ்டேசன். கறுப்புக் கரேரா ஜிடி ஒண்டு நிக்குது. முன்பக்கம் முழுக்கக் கல்லடிச்ச புள்ளி. ஓடிக்கொண்டு வந்தது ஒரு ஜேர்மன் அம்மா, எழுபது வயசு வரும்.

கொஞ்சம் பிசகினாலும் எஞ்சினை நிப்பாட்டிப்போடுற அந்தக் கிளச்சைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிண்ட பெடியள் எல்லாம் இப்ப நிண்டுபோகும், இப்ப நிண்டுபோகும் எண்டு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். மனுசி அக்சிலரேற்றரைத் தொடவே இல்லை. கிளச்சை மட்டும் மெல்ல மெல்ல விட்டா. எஞ்சின் தன்ரை பாட்டில பிடிச்சு, கார் உருண்டு போச்சுது. பிறகு ஓட்டோபானில ஏறுற இடத்தில ஒருக்கா மிதிச்சா பாருங்கோ! இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது.

எவ்வளவு ஓடியிருக்கு எண்டு முதலே கேட்டனான். எழுபதாயிரத்துக்கு மேல எண்டு சொல்லிப்போட்டு, கண்ணாடி துடைக்கிற தண்ணி எங்க இருக்கு எண்டு என்னட்டையே கேட்டவ.

கணக்குப்புலி

தம்பி, அந்தம்மா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு யூரோ எரிச்சாங்கன்னு யோசிச்சீங்களா? 1500 கட்டுறதாத் திட்டம் போட்டு 1270லயே நிறுத்திட்ட வண்டி இது. ஓடாம இருக்கிறதுக்குத்தான் விலை. 917, மரக்குமிழ், க்முண்ட் எல்லாம் விக்கிறவர் பேச்சு. அந்த எஞ்சினே ஃபார்முலா ஒன்ல ஓடி அசிங்கப்பட்டது, அதைப் போய்ப் பாரம்பரியம்னுக்கிட்டு.

என் அனுபவம் சின்னது. லைப்சிக்ல ஒரு லாரி மேல துணி போர்த்திக் கொண்டு போனாங்க, முதுகுல இருக்கிற ரெண்டு மேட்டை வச்சுக் கண்டுபிடிச்சேன்.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். (இங்க யாரும் வாங்கப் போறதில்லைன்னு தெரியும், இருந்தாலும்.) மீட்டரை முதல்ல பார்க்காதீங்க, சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்க. ஓடலைன்னாலும் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் காலக்கெடுப்படி மாத்தியிருக்கணும். இடையில நாலஞ்சு வருஷம் முத்திரையே இல்லைன்னா விலையைப் பேசுங்க. கிளச் தேய்மானத்தைப் பட்டறையில அளக்க முடியும், அந்தத் தாளைக் கேளுங்க. குறைஞ்ச ஓட்டம்னா கிளச் புதுசுன்னு நினைக்காதீங்க. கூடத்துக்கும் லாரிக்கும் ஏத்தி இறக்கியே அதைத் தேய்ச்சிருப்பாங்க. லிஃப்ட்ல ஏத்தி அடியில பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. கூடு மட்டுமில்ல, எஞ்சினைத் தாங்குற சட்டமும் கார்பன்தான். தப்பான இடத்துல ஜாக்கி வச்சிருந்தா தலைவலி உங்களுக்கு. 2023ல அமெரிக்காவுல சஸ்பென்ஷன் மூட்டுப் பிரச்சினைக்காக, பாகம் மாத்துற வரைக்கும் ஓட்டாதீங்கன்னு போர்ஷேவே சொல்லுச்சு. அமெரிக்க வண்டின்னா அந்த வேலை முடிஞ்சதுக்கு ஆதாரம் வேணும். தோல் பெட்டிகள், எல்லாச் சாவியும், பேட்டரி சார்ஜரும் கூட வருதான்னு எழுதி வாங்கிக்குங்க. அப்புறம் மனசாட்சியே இல்லாம ஓட்டாம வச்சிருங்க.

பட்டறைவாசி

கணக்குப்புலி, கணக்கு சரி, கதை தப்பு. 1991ல ஃபுட்வொர்க் அணியில ஓடிக் கேவலமாத் தோத்தது வி12. பாதி சீசன்லயே அதைக் கழட்டிப் போட்டாங்க. இது அதுக்கப்புறம் வரைஞ்ச வி10, ஃபார்முலா ஒன் பக்கமே போகல. சில வருஷம் கழிச்சு அதையே 5.5 லிட்டரா வளர்த்து லெ மானுக்கு ஒரு காரைக் கட்டுனாங்க. 1999ல அந்தத் திட்டத்தையும் மூடிட்டாங்க. ஆளும் பணமும் போர்ஷேவோட எஸ்யூவியான கெய்ன் பக்கம் போயிடுச்சு. ரெண்டு தடவை பந்தயம் மறுக்கப்பட்ட எஞ்சின் 5.7 லிட்டரா, 612 குதிரைசக்தியோட ரோட்டுக்கு வந்துச்சு. 2000 செப்டம்பர்ல பாரிஸ்ல, விடியற்காலை மழையில ராலி ஓட்டுநர் வால்டர் ரோல் அதோட முன்மாதிரி வண்டியை லூவ்ர் அருங்காட்சியகம் வரைக்கும் ஓட்டிட்டு வந்துதான் உலகத்துக்குக் காட்டினார். இன்னொரு வேடிக்கை, அந்தக் கெய்னுக்காகக் கட்டின லைப்சிக் ஆலையிலதான் கரேரா ஜிடியும் கட்டினாங்க.

நான் பார்த்தது விற்பனைக் கூடத்துல இல்ல. எஞ்சினை இறக்கி வச்சிருந்த ஒரு வண்டி. அதோட செராமிக் கிளச்சைக் கையில வாங்கினேன். குறுக்களவு 169 மில்லிமீட்டர், ஒரு ஊத்தப்பத்தைவிடச் சின்னது. இவ்வளவு சின்னதா செஞ்சதே கிராங்க் தண்டைத் தரையோட ஒட்டி வைக்கத்தான். எஞ்சின் எவ்வளவு கீழ உக்காருதோ, வளைவுல வண்டி அவ்வளவு நிதானமா நிக்கும். வளைவே பார்க்காத வண்டிக்கு அது எதுக்குன்னுதான் அன்னிக்கு முழுக்க யோசனை. உல்ம் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

கணக்குப்புலி

வி12 விஷயம் ஒத்துக்கறேன். விலை விஷயம் ஒத்துக்க மாட்டேன்.

லண்டன்_தாரா

ஏலத்துக்கு முந்தின பார்வை நாள். சிவப்பு கரேரா ஜிடி, கதவுப்படியில ஆலையில ஒட்டின பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கல. ஒரு சின்னப் பையன் அதோட ஓரத்தை நகத்தால நெருடினான், ‘ப்ர்ர்’னு ஒரு விரல் நீளத்துக்கு வந்துடுச்சு. சுத்தி நின்னவங்க மூச்சு விட்ட விதத்தைப் பார்த்தா, யாரோ மாடியிலேர்ந்து விழுந்துட்டாங்கன்னு நினைச்சிருப்பீங்க. அவங்க அப்பா பையனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கே போயிட்டார். ஏல ஆள் ஒருத்தர் குனிஞ்சு கட்டைவிரலால தேய்ச்சுத் தேய்ச்சு அதைத் திரும்ப ஒட்டினார்.

கணக்குப்புலி, அவ்வளவு புத்தி சொன்னீங்க, டயரை விட்டுட்டீங்களே! இந்த வண்டியில, சறுக்கும்போது தானா நிலைப்படுத்துற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. 2013 நவம்பர்ல கலிஃபோர்னியாவுல நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்துலயும் வண்டி கரேரா ஜிடிதான், ஓட்டினது அவரோட நண்பர். வேகம்தான் காரணம்னு ஷெரிஃப் விசாரணை சொன்னாலும், டயர் ஒன்பது வருஷம் பழசுங்கிறதும் அதுல வெளிவந்துச்சு. கியர்ப்பித்தன் பார்த்தது இருபது வருஷப் பழசு. அதை மாத்தினா ஒரிஜினல் போயிடும்னு பயம்னா வழி இருக்கு. பழைய நாலையும் கழட்டி, தேதி எண் தெரியுற மாதிரி படம் எடுத்து, உறை போட்டு வண்டியோடயே கொடுத்துடலாம். பார்வைக்கு வைக்கிற அன்னிக்கு மாட்டிக்கட்டும், ரோட்டுல இறக்கும்போது புதுசு போடட்டும்.