புதிய போன் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வணக்கம். அண்மையில் வாங்கிய என் போன், பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துத் தானாக அணைந்து, சிறிது நேரத்தில் மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போதும் இப்படி நிகழ்வதுதான் கவலையளிக்கிறது. இதே மாடலை வைத்திருப்பவர்களில் சிலர் ஒரு குறையுமில்லை என்கிறார்கள். வேறு சிலரோ என்னைப் போலவே அவதிப்படுகிறார்கள். நாமாக நிறுவிய செயலிகள் இயங்காத சேஃப் மோடிலும் சிக்கல் தொடர்வதால், இயங்குதளத்தின் அப்டேட்டையோ மதர்போர்டையோதான் சந்தேகிக்கிறேன். ஃபேக்டரி ரீசெட் செய்தால் போனில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் (படங்களை நகலெடுக்கும் வேலையே இன்னும் முடியவில்லை) தயங்குகிறேன். இந்தத் தொல்லையை அனுபவித்தவர்கள், அது ரீசெட்டில் சரியானதா, அடுத்த அப்டேட்டில் தீர்ந்ததா, அல்லது வாரண்டியில் போனையே மாற்ற வேண்டியதாயிற்றா என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். மாற்றித் தருவதற்கான கெடு முடிவதற்குள் நான் முடிவெடுத்தாக வேண்டும்.