புதுப்பிப்பு: பழைய ஈயக்குண்டு அச்சு, எடையும் சுருக்கமும்

உவரிக் கடலில் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு வார்க்க வாங்கிய பழைய அலுமினிய அச்சு எத்தனை கிராம் குண்டு வார்க்கும், குண்டில் ஏன் சுருக்கம் விழுது என்று கேட்டிருந்தேன். ரெண்டும் தெளிவாயிடுச்சு.

அச்சை இறுக்கி மூடி, சிரிஞ்சால் தண்ணீர் நிரப்புங்க. ஈயம் தண்ணீரைவிட 11.3 மடங்கு கனம், அதனால் மில்லியை 11.3 ஆல் பெருக்கினால் குண்டின் எடை கிராமில் வரும். என் அச்சில் 5 மில்லி பிடிச்சுது, அதாவது சுமார் 56 கிராம். பிறகு அச்சைச் சூடாக்கி முழுக்கக் காயவைக்கணும். துளி ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் முகத்தில் வெடித்துத் தெறிக்கும்.

சுருக்கத்துக்குக் காரணம் குளிர்ந்த அச்சு. ஈயம் 327 டிகிரியில் உருகும். குளிர்ந்த அலுமினியத்தைத் தொட்டதும் குழி நிரம்பும் முன்பே உறைஞ்சுடும். முதல் நாலஞ்சு குண்டைத் திரும்ப உருக்குங்க, அதற்குள் அச்சு சூடேறிடும். குண்டின் மேலே வெள்ளை பூத்தால் சூடு அதிகம். ஒரு மூலை மட்டும் நிரம்பலையா? காற்று வெளியேற அச்சில் இருக்கும் கீறலில் கரி அடைச்சிருக்கும், சுரண்டிடுங்க.

பேட்டரி ஈயம் வேண்டவே வேண்டாம், அதன் நச்சு ஆளையே கொல்லும். வார்ப்பது எப்போதும் வெட்டவெளியில்தான்.