டிஸ்ட்சிசி சேவை ஓடுகிறது, ஆனால் ஒரு கோப்புகூட சர்வரில் கம்பைல் ஆகவில்லை: உதவி தேவை

பொழில் (வெள்ளி, இரவு 9:12)

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியில் எல்எல்விஎம் என்ற பெரிய கம்பைலர் பொதியை மூலநிரலிலிருந்து மாலை நான்கு மணிக்குக் கம்பைல் செய்யப் போட்டேன்; இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. மாடியில் பதினாறு த்ரெட் கொண்ட மேசைக்கணினி சும்மா கிடக்கிறதே என்று, கம்பைல் வேலையை வலையமைப்பில் உள்ள வேறு கணினிக்குப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்சிசியை அதில் நிறுவி, பின்னணிச் சேவையாக இயக்கி, அதன் முகவரியை மடிக்கணினியிலும் கொடுத்துவிட்டேன். சேவை ஓடுகிறது என்றுதான் காட்டுகிறது. பிங் செய்தால் பதில் வருகிறது. ஆனாலும் எல்லா வேலையும் மடிக்கணினியிலேயே நடக்கிறது. இங்கே விசிறி அலறுகிறது, அங்கே மேசைக்கணினியின் சுமை 0.03ஐத் தாண்டவில்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. திங்கட்கிழமைக்குள் இந்த மடிக்கணினி எனக்குத் தயாராக வேண்டும். எங்கே தவறு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

நெய்தல் (இரவு 9:31)

வணக்கம் பொழில். நீங்கள் எந்த லினக்ஸ் வழங்கலைப் பயன்படுத்துகிறீர்கள், இரண்டு கணினிகளிலும் ஜிசிசி கம்பைலர் எந்தப் பதிப்பு, சேவைக்கான அனுமதிகளை எந்தக் கோப்பில் எழுதினீர்கள் என்ற மூன்றையும் சொல்லாமல் யாராலும் சரியான பதில் தர முடியாது.

பிழைச் செய்தி வராததற்குக் காரணம் உண்டு. சர்வரை எட்ட முடியாமல் போனாலோ, சர்வர் இணைப்பை மறுத்தாலோ, டிஸ்ட்சிசி அந்த வேலையைத் தானே உள்ளூரில் செய்து முடித்துவிட்டு, அந்தச் சர்வரை அறுபது நொடிக்கு ஒதுக்கி வைத்துவிடும். எச்சரிக்கை வரி ஒன்று வந்தாலும், போர்ட்டேஜ் (ஜென்டூ லினக்ஸில் பொதிகளைக் கம்பைல் செய்து நிறுவும் கருவி) போன்றவற்றின் நீண்ட வெளியீட்டுக்கு நடுவே அது கண்ணில் படாது. ஆகவே கம்பைல் முடிந்துவிட்டது என்பதை வைத்து டிஸ்ட்சிசி வேலை செய்தது என்று முடிவுகட்ட முடியாது.

செங்கல் (இரவு 9:40)

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை நண்பரே. சிகேஷ் போடுங்கள். ஒரு முறை கம்பைல் ஆன கோப்பு மாறாமல் இருந்தால் அடுத்த முறை நொடியில் வந்துவிடும். நான் பல ஆண்டுகளாக அதை மட்டுமே பயன்படுத்துகிறேன், இன்னொரு கணினியே எனக்குத் தேவைப்பட்டதில்லை.

கர்னல்முனி (இரவு 9:58)

தம்பி, கேள்வி கேட்பதற்கு முன் கையேட்டின் முதல் இரண்டு பக்கங்களையாவது படித்திருக்க வேண்டும். "லினக்ஸில் வேலை செய்யவில்லை" என்பது "வண்டி ஓடவில்லை" என்று சொல்வதைப் போன்றது. எந்த வண்டி, எண்ணெய் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் நாங்களே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பெரும்பாலும் இது ஜிசிசி பதிப்பு வேறுபாடாகத்தான் இருக்கும். ஒன்றில் 13, மற்றொன்றில் 14 என்று வைத்துக்கொண்டு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செங்கல் அவர்களே, அவர் ஒரு பொதியை முதன்முறையாகக் கம்பைல் செய்கிறார். சேமித்து வைத்த விடை எதுவுமே இல்லாத இடத்தில் சிகேஷ் எதை எடுத்துக் கொடுக்கும்?

பொழில் (இரவு 10:05)

மன்னிக்கவும். இரண்டு கணினிகளிலும் ஜென்டூதான்; ஜிசிசியும் இரண்டிலும் 14தான், இப்போது மறுபடியும் சரிபார்த்தேன். மேசைக்கணினியில் ஈடிசி அடைவுக்குள் உள்ள கான்ஃப்.டி கோப்புறையில் டிஸ்ட்சிசிடி என்ற கோப்பைத் திறந்து, 192.168.1.0/24 என்ற வலையமைப்பு முழுவதற்கும் அனுமதி கொடுத்துவிட்டுச் சேவையை மறுபடி தொடங்கினேன். மடிக்கணினியில், வேலையை எந்தக் கணினிகளுக்கு அனுப்புவது என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் பட்டியலில் மேசைக்கணினியின் 192.168.1.20 மட்டும் இருக்கிறது. டிஸ்ட்சிசியின் மானிட்டர் கட்டளையை ஓட்டினால் வெற்றுத் திரைதான் வருகிறது.

அலைவரிசை (இரவு 10:11)

மடிக்கணினி வைஃபையில் இருக்கிறதா, கம்பி இணைப்பில் இருக்கிறதா? வழக்கமான முறையில் டிஸ்ட்சிசி மூலக்கோப்பை முதலில் உள்ளூரிலேயே பிரீபிராசஸ் செய்து, அதன் தலைப்புக் கோப்புகள் எல்லாம் விரிந்து பெருத்த ஒரே உரையைத்தான் சர்வருக்கு அனுப்பும். சி++ கோப்பு என்றால் அந்த உரை எளிதில் சில மெகாபைட்டுகளைத் தாண்டும். மெதுவான வைஃபையில் நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும். முகவரிக்குப் பின் காற்புள்ளியிட்டு எல்இசட்ஓ என்று சேர்த்தால் சுருக்கி அனுப்பும்.

நெய்தல் (இரவு 10:20)

அலைவரிசை சொல்வது உண்மைதான், ஆனால் வைஃபை மெதுவாக இருந்தால் மேசைக்கணினியின் சுமை சற்றாவது ஏறியிருக்கும். 0.03 என்றால் ஒரு வேலைகூட அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள்.

பொழில், உங்கள் மேசைக்கணினியில் சேவைகளைத் தொடங்கி நடத்துவது ஓப்பன்ஆர்சியா, சிஸ்டம்டியா? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் பாதிக் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மானிட்டர் வெறுமையாக இருப்பது தனிக்கதை. அது வழக்கமாக உங்கள் சொந்தக் கோப்புறையில் உள்ள நிலைக்கோப்புகளைத்தான் தேடும். போர்ட்டேஜோ வேறொரு பயனராக ஓடி, வார் அடைவின் டெம்ப் பகுதியில் தனக்கென வைத்திருக்கும் டிஸ்ட்சிசி கோப்புறையில் எழுதுகிறது. டிஸ்ட்சிசி_டிஐஆர் மாறியை அந்த இடத்துக்குத் திருப்பிவிட்டு ஓட்டினால்தான் ஏதாவது தெரியும்.

இப்போது எல்எல்விஎம்மை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு சிறு சோதனை செய்யுங்கள். நான்கு வரியில் ஒரு சி நிரல் எழுதி, டிஸ்ட்சிசி_ஃபால்பேக் மாறிக்கு 0 கொடுத்து, வேறெந்த விருப்பமும் சேர்க்காமல், சி என்ற கொடியோடு மட்டும் கம்பைல் செய்யுங்கள். அந்தக் கொடி இல்லாவிட்டால் கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்க்கும் லிங்க் வேலையும் சேர்ந்துவிடும். லிங்க் எப்போதும் உள்ளூரில்தான் நடக்கும் என்பதால் சோதனை பயனற்றுப் போகும். ஃபால்பேக்கை அணைத்துவிட்டால் டிஸ்ட்சிசியால் தோல்வியை மறைக்க முடியாது. கூடவே மேசைக்கணினியில் சேவையின் நிலையைக் காட்டும் கட்டளையை ஓட்டி, அதில் வரும் செயல்முறை வரியை அப்படியே இங்கே எழுதுங்கள்.

பொழில் (இரவு 10:41)

சிஸ்டம்டிதான் அண்ணா. சோதனை தோற்றது, சர்வருக்கு அனுப்ப முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. மேசைக்கணினியின் பதிவேட்டில், என் மடிக்கணினி முகவரியிலிருந்து வந்த இணைப்பு அனுமதிப் பட்டியலால் மறுக்கப்பட்டது என்ற வரி இருக்கிறது. செயல்முறை வரியின் கடைசியில் "அல்லௌ 127.0.0.1" என்று இருக்கிறது. நான் எழுதிய 192.168.1.0/24 எங்கேயும் இல்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் நான் எழுதியது அப்படியே இருக்கிறது!

நெய்தல் (இரவு 10:49)

நீங்கள் எழுதிய கோப்பு ஓப்பன்ஆர்சிக்கு உரியது. சிஸ்டம்டி அதைத் திறந்துகூடப் பார்க்காது. சிஸ்டம்டி உள்ள ஜென்டூவில், ஈடிசிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம், அதற்குள் டிஸ்ட்சிசிடி.சர்வீஸ்.டி என்ற கோப்புறையில் 00ஜென்டூ.கான்ஃப் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் அல்லௌட்_சர்வர்ஸ் என்ற மாறி 127.0.0.1 என்றே வைக்கப்பட்டிருக்கும். உங்கள் சேவை தன்னைத் தவிர வேறு யாரையும் ஏற்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அந்த மதிப்பை மாற்றுங்கள். பிறகு டீமன்-ரீலோட், அதன் பிறகு ரீஸ்டார்ட், இந்த வரிசையில் இரண்டையும் கொடுங்கள். ரீலோட் இல்லாமல் ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்தால் பழைய மதிப்போடுதான் எழும். கடைசியில் செயல்முறை வரியை மறுபடி பாருங்கள். கோப்பில் என்ன எழுதியிருக்கிறோம் என்பதைவிட, ஓடும் செயல்முறை எந்த வாதங்களோடு ஓடுகிறது என்பதைத்தான் நம்ப வேண்டும்.

செங்கல் (இரவு 10:55)

வீட்டு வலையமைப்புதானே, எல்லா முகவரிகளையும் ஏற்கும்படி 0.0.0.0/0 என்று கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது. வேலை நடக்கிறதா என்று முதலில் பார்ப்போம், இறுக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கர்னல்முனி (இரவு 11:04)

இதை யாரும் செய்யக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். டிஸ்ட்சிசியின் சர்வர் சேவையான டிஸ்ட்சிசிடி 3632ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும்போது வருபவர் யார் என்று எந்தச் சான்றையும் கேட்பதில்லை. முகவரியை மட்டும்தான் பார்க்கிறது. பழைய 2.x பதிப்புகளில் அணுகலைக் கட்டுப்படுத்தாமல் விட்டால், கம்பைல் வேலை என்ற பெயரில் எந்தக் கட்டளையையும் அந்தக் கணினியில் ஓட்ட முடிந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2004-2687 என்ற எண்ணில் அது பதிவாகியிருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சிக்கென வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்ட்டபிளில் இன்றும் மாணவர்கள் முதலில் உடைக்கும் கதவுகளில் அதுவும் ஒன்று. 3.3 பதிப்பிலிருந்து சர்வர் தன் பட்டியலில் உள்ள கம்பைலர்களை மட்டும்தான் இயக்கும் என்பது நல்ல மாற்றம், ஆனால் அதை நம்பிக் கதவைத் திறந்து போடலாம் என்று ஆகாது. "பிறகு இறுக்கலாம்" என்று விட்டவை பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகின்றன.

செங்கல் (இரவு 11:12)

ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு வெளியிலிருந்து யார் வரப்போகிறார்கள்? அவ்வளவு அச்சம் என்றால் மறையாக்கிய எஸ்எஸ்எச் இணைப்பு வழியாகவே அனுப்பலாமே. ஹோஸ்ட்ஸ் பட்டியலில் முகவரிக்கு முன் அட் குறி போட்டால் போதும், போர்ட்டும் வேண்டாம், சேவையும் வேண்டாம்.

கர்னல்முனி (இரவு 11:20)

எஸ்எஸ்எச் வழி பாதுகாப்பானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் மறையாக்கச் செலவு சேரும். இரண்டு கோர் கொண்ட பழைய மடிக்கணினியில் அந்தச் செலவைச் செய்ய வேண்டியதும் அதே இரண்டு கோர்கள்தான். ரவுட்டருக்குப் பின்னால் இருப்பது உங்கள் கணினி மட்டும் அன்று. விருந்தினரின் கைப்பேசியும் தொலைக்காட்சியும் அங்கேதான் இருக்கின்றன. வலையமைப்பு முழுவதற்குக்கூட வேண்டாம், மடிக்கணினியின் ஒரே முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுப்பதுதான் முறை.

நெய்தல் (இரவு 11:26)

இருவரும் சொல்வதில் பொருள் இருக்கிறது, ஆனால் பொழில் இன்னும் விடைக்குக் காத்திருக்கிறார். முனி ஐயா சொன்னதுபோல ஒரே முகவரியைக் கொடுத்துப் பாருங்கள்.

பொழில் (இரவு 11:48)

மடிக்கணினியின் முகவரியை மட்டும் கொடுத்தேன். செயல்முறை வரி மாறிவிட்டது. சிறு சோதனை வெற்றி; மேசைக்கணினியின் பதிவேட்டில் அந்தக் கோப்பின் பெயரே தெரிகிறது. ஆனால் எல்எல்விஎம்மைத் தொடங்கினால் மறுபடியும் எல்லாம் இங்கேயே நடக்கிறது. இந்த முறை சர்வரின் பதிவேட்டில் மறுப்பும் இல்லை, எதுவுமே இல்லை.

தறி (இரவு 11:57)

போர்ட்டேஜுக்கான மேக்.கான்ஃப் கோப்பில், கம்பைலர் கொடிகளைச் சொல்லும் உங்கள் காமன்_ஃப்ளாக்ஸ் வரி என்ன? இரண்டு கணினிகளின் செயலிகள் எவை?

பொழில் (நள்ளிரவு 12:02)

ஓ2, பைப், மார்ச்=நேட்டிவ். எல்லாரும் வைப்பதுதானே? மடிக்கணினி இன்டெல் ஹாஸ்வெல், மேசைக்கணினி ஏஎம்டி ஸென்.

தறி (நள்ளிரவு 12:14)

இதுதான் இரண்டாவது பூட்டு. நேட்டிவ் என்றால் "கம்பைலர் எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தச் செயலிக்கு ஏற்றதைச் செய்" என்று பொருள். அந்தச் சொல்லை அப்படியே மாடிக்கு அனுப்பினால் அங்குள்ள ஜிசிசி அதை ஸென் என்று புரிந்துகொள்ளும். ஸென்னில் எஸ்எச்ஏ கட்டளைகள் உண்டு, ஹாஸ்வெல்லில் கிடையாது. அப்படி உருவான நிரல் மடிக்கணினியில் செல்லாத கட்டளை என்று விழுந்துவிடக் கூடும். இதைத் தவிர்க்கத்தான், அந்தக் கொடியைக் கண்டவுடனே டிஸ்ட்சிசி சர்வரைத் தொடாமலே வேலையை உள்ளூரில் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் கொடிகளே இல்லாத உங்கள் நான்கு வரி நிரல் மாடிக்குப் போனது, எல்எல்விஎம் போகவில்லை. வெர்போஸ் மாறிக்கு 1 கொடுத்தால் இந்தக் காரணத்தை அதுவே எழுதிக் காட்டும்.

மடிக்கணினியில் ரிசால்வ்-மார்ச்-நேட்டிவ் என்ற சிறு கருவியை நிறுவி ஓட்டுங்கள். நேட்டிவ் என்ற சொல் உங்கள் செயலியில் எந்தெந்தக் கொடிகளாக விரிகிறது என்று அது ஒரே வரியில் தரும். அந்த வரியை நேட்டிவ் இருந்த இடத்தில் ஒட்டுங்கள். மடிக்கணினியின் மதிப்பைத்தான் எழுத வேண்டும். மேசைக்கணினியில் ஓட்டி எடுத்த மதிப்பை எழுதிவிடாதீர்கள்.

கர்னல்முனி (நள்ளிரவு 12:25)

தறி சொன்னது சரி. நான் பதிப்பு வேறுபாட்டிலேயே நின்றுவிட்டேன். இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன். ஹோஸ்ட்ஸ் பட்டியலில் முகவரிக்குப் பின் எண் எதுவும் எழுதாவிட்டால் உங்கள் மடிக்கணினி ஒரே நேரத்தில் நான்கு வேலைகளை மட்டும்தான் அனுப்பும். பதினாறு த்ரெட்டும் உழைக்க வேண்டுமென்றால் சாய்கோடிட்டு 16 என்று எழுதுங்கள், ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் வேலைகள் ஓடலாம் என்று போர்ட்டேஜுக்குச் சொல்லும் மேக்ஆப்ட்ஸ் எண்ணிக்கையையும் அதற்கேற்ப உயர்த்துங்கள். அடுத்து, எல்எல்விஎம்மின் லிங்க் கட்டம் மடிக்கணினியிலேயே நடக்கும், நினைவகத்தை நிறையத் தின்னும். அந்த எண்ணிக்கையைக் கண்டபடி உயர்த்திவிட்டுக் கணினி உறைந்துவிட்டது என்று வராதீர்கள். ரஸ்ட் மொழியில் எழுதிய நிரல்களையும் டிஸ்ட்சிசி அனுப்பாது. அதற்கு எஸ்சிகேஷ் என்ற வேறு கருவி வேண்டும்.

பொழில் (சனி, காலை 6:50)

போகிறது அண்ணா. மானிட்டரில் 192.168.1.20 வரிசையாக நிற்கிறது. எல்எல்விஎம் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.

அலைவரிசை (சனி, காலை 9:15)

மகிழ்ச்சி. வைஃபையிலேயே ஓட்டினீர்களா, கம்பி போட்டீர்களா? எல்இசட்ஓ சேர்த்தும் சேர்க்காமலும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

தறி (ஞாயிறு, மாலை 5:40)

பொழில், ரிசால்வ் கருவி தந்த முழு வரியையும் முடிந்தால் இங்கே எழுதுங்கள். என்னிடமும் ஒரு ஹாஸ்வெல் மடிக்கணினி இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.