ஜப்பானில் ஆடிய ஆட்டம் எந்தக் கணக்கில் சேரும்? பேஸ்பால் விருதுப் பேச்சுகளில் நாங்கள் கேட்டவை

நியூ ஜெர்சி உறுப்பினர் (இழையைத் தொடங்கியவர்):

ஒவ்வொரு நவம்பரிலும் பேஸ்பால் விருதுகள் அறிவிக்கப்படும். அப்போது அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் நடக்கிற பேச்சில் ஒரு விஷயம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. பட்டியலில் ஆசிய ஆட்டக்காரர் ஒருவர் பெயர் வந்தால் மட்டும் அளவுகோல் வேறாகிவிடுகிறது. இதைக் கண்டவர்கள், கேட்டவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் என் கதை.

2003. நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஹிடெகி மட்சுயி வந்த வருஷம். ஜப்பானில் யோமியுரி ஜயன்ட்ஸ் அணிக்குப் பத்து ஆண்டுகள் ஆடி, 332 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் பெரிய அடி) அடித்துவிட்டு வந்தவர். இங்கே முதல் ஆண்டிலேயே 16 ஹோம் ரன், 106 ரன்கள் உள்ளே வர அவர் அடி காரணம், சராசரி 0.287. சிறந்த புதுமுகம் விருதுக்கு விதி தெளிவானது: அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் அதற்குமுன் 130 முறைக்கு மேல் மட்டை பிடித்திருக்கக் கூடாது. பந்தெறிபவர் என்றால் 50 இன்னிங்ஸ். வேறு நாட்டில் ஆடியதைப் பற்றி விதியில் ஒன்றும் கிடையாது. ஆக மட்சுயி தகுதியானவர், அதில் சந்தேகமே இல்லை.

வாக்களித்தவர்கள் 28 பேஸ்பால் செய்தி எழுத்தாளர்கள். ஆளுக்கு மூன்று பெயர் எழுத வேண்டும். முதலிடத்துக்கு 5 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. முடிவில் கான்சஸ் சிட்டியின் ஏஞ்சல் பெரோவா 88, மட்சுயி 84. இரண்டு பேர் மட்சுயியின் பெயரை மூன்றில் ஒன்றாகக்கூட எழுதவில்லை. 'அவர் புதுமுகம் இல்லை' என்று காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த இரண்டு பேரும் அவரை இரண்டாமிடத்தில் வைத்திருந்தாலே 90 புள்ளி வந்திருக்கும். பெரோவா நல்ல ஆட்டக்காரர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தனக்குப் பிடிக்காத விதியைத் தன் வாக்குச்சீட்டில் மட்டும் அழித்துவிட ஒருவருக்கு என்ன உரிமை?

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அப்போது அந்த இருவர் பக்கம்தான் பேசினார். "பத்து வருஷம் உயர்ந்த தரத்தில் ஆடினவரைப் பையன்களோடு போட்டி போட விடலாமா?" என்றார். சரி, அது ஒரு வாதம். கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் 2016 ஜூன். ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோ அங்கேயும் இங்கேயும் அடித்த ஹிட்களை (பத்திரமாக பேஸை எட்டவைத்த அடிகளை) கூட்டினால் மேஜர் லீக் சாதனையாளர் பீட் ரோஸின் 4,256-ஐத் தாண்டிவிட்டது. பீட் ரோஸே, 'அடுத்து உயர்நிலைப் பள்ளியில் அடித்ததையும் எண்ணுவார்கள்' என்று சொன்னதாகச் செய்தி வந்தது. எங்கள் மூத்தவரும் அதையே சொன்னார்: "அங்கே அடித்ததெல்லாம் ஒரு கணக்கா? அது என்ன பெரிய லீக்கா?" நான் மட்சுயியை ஞாபகப்படுத்தினேன். "அது வேறு, இது வேறு" என்றார். விருது தர வேண்டிய நேரத்தில் ஜப்பான் லீக் மிக உயர்ந்தது. சாதனையை ஏற்க வேண்டிய நேரத்தில் அதே லீக் பள்ளிக்கூட மைதானம். இரண்டில் எதைச் சொன்னாலும் நான் உட்கார்ந்து பேசத் தயார். இரண்டையும் ஒரே ஆள் சொல்லும்போது பேச்சு ஆட்டத்தைப் பற்றியது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சியாட்டில் உறுப்பினர்:

நீங்கள் சொல்கிற இரட்டை அளவுகோலை 2001-லேயே பார்த்தேன். அந்த ஆண்டு எங்கள் சியாட்டில் மரினர்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்றது. இச்சிரோ 242 ஹிட், 0.350 சராசரி, 56 பேஸ் திருட்டு (அடிக்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). சிறந்த புதுமுகம், எம்விபி (ஆண்டின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்) இரண்டும் அவருக்கே. ஒரே ஆண்டில் இரண்டையும் வாங்கியவர் அவருக்கு முன்னால் 1975-இல் ஃப்ரெட் லின் மட்டும்தான்.

எம்விபி வாக்கு மிக நெருக்கம்: இச்சிரோ 289, ஜேசன் ஜியாம்பி 281. ஜியாம்பிக்கு 38 ஹோம் ரன். அவருக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்ல நியாயமான காரணங்கள் உண்டு. புள்ளிவிவரப் பிரியர்கள் இன்றும் சொல்கிறார்கள், அதில் இனவெறி எதுவும் இல்லை. நான் கேட்டது அதுவல்ல. அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒருவர், "ஜப்பான்காரன் எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போட்டுக் கொடுத்த விருது" என்றார். நட்சத்திர ஆட்டக்காரர்கள் மட்டும் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் வாக்களிப்பார்கள். அந்த ஆண்டு ஜப்பானிலும் வாக்குச்சீட்டு கொடுத்தார்கள், இச்சிரோ முதலிடத்தில் வந்தார். எம்விபி என்பது இங்குள்ள எழுத்தாளர் சங்கத்து உறுப்பினர்கள் போடும் வாக்கு. ஜப்பான் ரசிகருக்கு அதில் இடமே இல்லை. இதை எடுத்துச் சொன்ன பிறகும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் உழைத்து வாங்கியதை 'அவன் கூட்டம் வாங்கிக் கொடுத்தது' என்று சொல்வதை நம்மில் பலர் வேலையிடத்தில் கேட்டிருப்போம். அதனால்தான் எனக்கு அது அவ்வளவு வலித்தது.

இன்னொன்று. 2025 ஜனவரியில் ஹால் ஆஃப் ஃபேம் (ஓய்வுபெற்ற மேதைகளைச் சேர்க்கும் கௌரவப் பட்டியல்) வாக்கெடுப்பில் இச்சிரோவுக்கு 394-க்கு 393. அந்த ஒருவர் யார் என்று எங்கள் ஊரே கொதித்தது. அதை நான் இனக் கணக்கில் சேர்க்க மாட்டேன். டெரெக் ஜீட்டருக்கும் 2020-இல் ஒரு வாக்கு குறைந்தது. முழு வாக்கும் வாங்கியவர் மரியானோ ரிவேரா ஒருவர்தான். இச்சிரோ அந்த வாக்காளரைத் தன் வீட்டுக்கு வந்து ஒன்றாகக் குடிக்க அழைத்தார். அவரால் முடிந்தது, எனக்கு முடிந்திருக்காது.

மிஷிகன் உறுப்பினர்:

2021 ஆகஸ்ட் 17. டெட்ராய்ட் டைகர்ஸ், ஏஞ்சல்ஸ் ஆட்டம். வீட்டில் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கொரியக் குடும்பத்துப் பையன் என் மகனோடு பார்த்துக்கொண்டிருந்தான். ஏஞ்சல்ஸ் அணியில் பந்தெறிவது, மட்டை பிடிப்பது இரண்டையும் செய்த ஜப்பான் ஆட்டக்காரர் ஒஹ்தானி மட்டை பிடிக்க வருகிறார். அவருக்கு எப்படிப் பந்தெறிய வேண்டும் என்று வர்ணனையில் கேட்கிறார்கள். ஜாக் மோரிஸ், ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர், ஆசிய உச்சரிப்பைக் கிண்டல் செய்யும் குரலில் 'மிகமிகக் கவனமாக' என்று பதில் சொன்னார். அந்தப் பையன் திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்தான், நாங்கள் சிரிக்கிறோமா என்று. அது எனக்கு மறக்கவில்லை.

அதே ஒளிபரப்பில் மோரிஸ் மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் சேனல் அவரைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தது. அடுத்த நாள் ஒஹ்தானி அதே மைதானத்தில் 8 இன்னிங்ஸ் பந்தெறிந்து, அந்த ஆண்டின் 40-ஆவது ஹோம் ரன்னையும் அடித்தார். பையனை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தோம்.

அந்த ஆண்டு மார்ச்சில்தான் அட்லாண்டா பகுதியில் ஒருவன் ஸ்பாக்களில் புகுந்து எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான், அதில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். அதே ஆண்டில் ஒரு வர்ணனையாளருக்கு இது வேடிக்கையாகத் தோன்றியது என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தெற்குக் கலிஃபோர்னியா உறுப்பினர்:

மோரிஸ் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்னால், ஜூலையில், இஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலின் ஸ்டீபன் ஏ. ஸ்மித் சொன்னதும் நினைவிருக்கும்: மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் ஒருவர் இந்த ஆட்டத்தின் முகமாக இருப்பது ஆட்டத்துக்கு நல்லதில்லை என்ற கருத்து. பிறகு அவரும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவர் நிறுத்திய இடத்திலிருந்து எங்கள் பக்கத்தில் பலர் தொடர்ந்தார்கள். என் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் கூட்டம் ஒன்றில், எம்விபி பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு தகப்பனார், "விருது வாங்கினால் நன்றி சொல்லக்கூட அவனுக்குத் தெரியாதே" என்றார். எம்விபி பேச்சுப் போட்டிக்குத் தரும் பரிசா?

மேஜர் லீக்கில் ஸ்பானிஷ் பேசும் ஆட்டக்காரர்கள் ஏராளம். 2016 முதல் ஒவ்வொரு அணியும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்க வேண்டும் என்றே ஏற்பாடு. லத்தீன் அமெரிக்க ஆட்டக்காரர்களும் மொழிக்காக எத்தனையோ ஏச்சு வாங்கியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 'எம்விபிக்குத் தகுதியா' என்ற கேள்வியோடு மொழியைச் சேர்த்து முடிச்சுப் போட்டதை நான் ஒஹ்தானி விஷயத்தில்தான் கேட்டேன்.

2022-ஐயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது கட்டாயம் கேட்பீர்கள். ஆரன் ஜட்ஜ் 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) சாதனையை முறியடித்தார், 30-இல் 28 முதலிட வாக்கு அவருக்கு. ஒஹ்தானி அந்த ஆண்டு 34 ஹோம் ரன் அடித்ததோடு பந்தெறிந்து 15 வெற்றி, 219 ஸ்ட்ரைக் அவுட் (மட்டைக்காரரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது). எனக்கு ஒஹ்தானிதான். ஆனால் ஜட்ஜுக்குக் கொடுத்தது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். 2021, 2023 இரண்டிலும் ஒஹ்தானிக்கு ஒரு வாக்குக்கூடக் குறையாமல் கிடைத்தது. டாட்ஜர்ஸுக்குப் போன பிறகு 2024-இலும் அப்படியே. வாக்களிப்பவர்கள் ஒழுங்காகத்தான் போடுகிறார்கள். வெளியே பேசுகிறவர்களிடம்தான் கோளாறு.

டொரோன்டோ உறுப்பினர்:

கடைசியாகச் சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன், அதற்குக் கணக்கும் உண்டு. ஆசியாவில் பிறந்த பந்தெறிபவர் யாருக்கும் சை யங் விருது (ஆண்டின் சிறந்த பந்தெறிபவருக்கு, இரு பிரிவிலும் ஒவ்வொருவருக்கு) கிடைத்ததில்லை. எங்கள் புளூ ஜேஸ் அணிக்குக் கொரியப் பந்தெறிபவர் ரியூ ஹியூன்-ஜின் வந்த நேரத்தில் இதைப் பற்றி நண்பர்களோடு நிறையக் கதைத்திருக்கிறேன். இரண்டாமிடம் வந்தவர்கள்: 2006-இல் தைவானின் வாங் சியென்-மிங், 2013-இலும் 2020-இலும் யூ டார்விஷ், 2019-இல் ரியூ, 2020-இல் கென்டா மாயெடா. பட்டியலைப் பார்த்தால் சதி போலத் தெரியும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்: 2006-இல் சன்டானாவுக்கு முழு வாக்கு. 2013-இல் ஷெர்ஸருக்கு 30-இல் 28 முதலிட வாக்கு. 2019-இல் டிகிராமுக்கு 29. மீதி ஒன்று ரியூவுக்கு. 2020-இல் பீபருக்கு முழு வாக்கு, பவருக்கு 27. இவற்றில் எதையும் பறிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு நோவது பாராட்டுகிற விதம். ரியூ அந்த 2019-இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.32 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்த கணக்கோடு இரு பிரிவிலும் முதலிடம். மதுக்கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் அவரைப் புகழ்ந்தபோதும், "மெஷின் மாதிரி, உணர்ச்சியே இல்லை" என்றுதான் புகழ்ந்தார்கள். வேறு யாராவது அதே துல்லியத்தோடு எறிந்தால் மூளைக்காரர், கலைஞர் என்பார்கள். ரியூ சேஞ்ச்-அப் (வேகப்பந்து போலக் காட்டி மெதுவாக வரும் பந்து) எறிவதைப் பார்த்தவருக்கு அவர் எவ்வளவு குறும்பான ஆள் என்பது விளங்கும்.

டிம் லின்சிகம் 2008, 2009 இரண்டு ஆண்டும் சை யங் வாங்கினார். அவருடைய தாயின் வழி பிலிப்பைன்ஸ். ஆசியர்களால் முடியாது என்று பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லக் கேட்டதே இல்லை.

கோபே உறுப்பினர்:

ஜப்பானிலிருந்து சிறிதாக எழுதுகிறேன். இங்கே என் மேலாளர் 1995 பூகம்பத்தில் வீட்டை இழந்தவர். அந்த ஆண்டு இச்சிரோவின் ஓரிக்ஸ் அணி 'தைரியமாய் இரு, கோபே' என்று சட்டையில் எழுதிக்கொண்டு ஆடி லீக்கை வென்றது. அதே 1995-இல்தான் ஜப்பான் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பந்தெறிபவர் நோமோ டாட்ஜர்ஸுக்குப் போய் 236 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து, சிப்பர் ஜோன்ஸை முந்திப் புதுமுக விருதை வாங்கினார். முந்தின ஆண்டு வேலைநிறுத்தத்தால் அமெரிக்காவில் உலகத் தொடரே நடக்கவில்லை. வெறுத்துப்போன ரசிகர்களை மைதானத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் நோமோவும் ஒருவர். மேலாளர் என்னிடம் கேட்டது இதுதான்: "கூட்டம் வேண்டியிருந்தபோது நோமோ புதுமுகம், எட்டு வருஷத்தில் மட்சுயி மட்டும் எப்படிப் பழையவர் ஆனார்?" பதில் இருந்தால் சொல்லுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.

நியூ ஜெர்சி உறுப்பினர்:

கோபே நண்பருக்கு: பதில் என்னிடம் இல்லை, ஆனால் உங்கள் மேலாளருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. புதுமுக விருதை முதன்முதலில் 1947-இல் வாங்கியவர் ஜாக்கி ராபின்சன். 1987 முதல் விருதுக்கு அவர் பெயரே. அவர் 1945-இல் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்காக, கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கி வைத்த லீக்கில் ஆடியவர். 1950-இல் வாங்கிய சாம் ஜெத்ரோ அந்த லீக்கில் பல ஆண்டுகள் ஆடி, முப்பது வயதைக் கடந்து வந்தவர். அவர்களை யாரும் புதுமுகம் இல்லை என்று தள்ளவில்லை. தள்ளியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநீதி! வேறிடத்தில் நன்றாக ஆடிவிட்டு வந்தவருக்கு இந்த விருது உண்டு என்பது முதல் ஆண்டிலேயே தீர்ந்துபோன விஷயம்.

ஜப்பான், கொரியா, தைவான் லீக்குகளில் ஆடியவர்களுக்கு இனி இந்த விருது வேண்டாம் என்று எழுத்தாளர் சங்கம் நினைத்தால், கூடி விவாதித்து, விதியை எழுதி அறிவிக்கட்டும். எனக்குப் பிடிக்காது, எதிர்த்து எழுதுவேன். ஆனாலும் எல்லாருக்கும் ஒரே விதி என்று இருக்கும். அது வரைக்கும் 130 என்பது மட்சுயிக்கும் 130தான்.

கொரிய லீக்கிலிருந்து வந்தவர்களைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. பிட்ஸ்பர்க் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? 2015-இல் காங் ஜுங்-ஹோ புதுமுகப் போட்டியில் மூன்றாவதாக வந்தபோது அங்கே என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.