ஐஸ் ஹாக்கி படம் எல்லாம் மங்கல், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம்

கேள்வி:
கனடாவில், ஸ்கார்பரோவில் மகன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். உள்ளரங்கில் வெளிச்சம் மகா மோசம். என்னிடம் இருப்பது 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ், முழு ஜூமில் லென்ஸ் திறப்பு எஃப்/5.6தான் (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). ஷட்டர் 1/200 நொடி வைத்தால் ஆள் கலைந்து போகிறான், ஐஸ் சாம்பல் நிறத்தில் வருகிறது. ஒரே பர்ஸ்டில் (தொடர்ந்து படபடவென எடுப்பதில்) ஒரு படம் மஞ்சள், அடுத்தது நீலம். கேமரா கோளாறா?

பதில் 1:
கேமராவில் ஒன்றுமில்லை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், பழைய விளக்குகள் நொடிக்கு 120 முறை கூடிக் குறையும், ஷட்டர் எந்த நேரத்தில் திறக்கிறதோ அந்த நிறம்தான் கிடைக்கும். கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் (விளக்கின் துடிப்பைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதி) இருந்தால் போடுங்கள். ஷட்டர் குறைந்தது 1/500. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400 போனாலும் போகட்டும், அதனால் வரும் நாய்ஸை, அதாவது புள்ளிப் புள்ளியான இரைச்சலை, அப்புறம் குறைக்கலாம், கலைந்த முகத்தை என்ன செய்வது?

பதில் 2:
ஐஸ் வெள்ளையைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் ஏமாறுகிறது, அதனால்தான் சாம்பல் நிறம். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 கூட்டுங்கள். முடிந்தால் பழைய 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள், மூன்று ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) வெளிச்சம் கிடைக்கும். ஆடுகளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியில் பக் (ஆட்டத்தில் அடிக்கும் கறுப்பு ரப்பர் வட்டு) பட்ட கறுப்புக் கோடு இல்லாத இடமாகப் பார்த்து லென்ஸை நேராக ஒட்டி வையுங்கள், சாய்த்தால் போச்சு.

கேட்டவர்:
சரி, சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஆட்டம். லென்ஸ் வாங்க வீட்டில் அனுமதி கேட்பதுதான் பாக்கி.