ரூட்டுக்கும் டிராக்குக்கும் 'தடம்' என்ற ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

ஓட்டச் செயலியின் தமிழாக்கத்தில் ரூட், டிராக் இரண்டுக்குமே 'தடம்' என்று வைத்துவிடலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ரூட் என்பது ஓடப்போகும் வழி; வரைபடத்தில் திருப்பங்களைத் தொட்டுத் தொட்டுப் போட்டது. டிராக் என்பது ஓடியபின் மிஞ்சுவது. கைக்கடிகாரமோ போனோ சில விநாடிகளுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வந்த புள்ளிகளின் வரிசை. இத்தகைய இடத் தரவுகளைச் செயலிகளும் கருவிகளும் பரிமாறிக்கொள்ள 2002-இல் வந்த ஜிபிஎக்ஸ் கோப்பு வடிவமே இரண்டையும் தனித்தனி உறுப்பாகத்தான் வைத்திருக்கிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேறொருவர் பகிர்ந்த பத்து கிலோமீட்டர் 'தடம்' ஒன்றைச் செயலியிலிருந்து இறக்கிக்கொண்டு ஓடக் கிளம்பினேன். அது யாரும் ஓடிப் பதிந்ததல்ல. பதினோரு புள்ளிகள் மட்டுமே கொண்ட திட்டம். கடிகாரம் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டது. கோடு வீடுகளுக்கு மேலும் குளத்துக்கு நடுவிலும் போனது. சாலை வளையும் இடமெல்லாம் 'வழி விலகிவிட்டீர்கள்' என்று மணிக்கட்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது. இறக்கும் முன்பே அது வெறும் வழிதான் என்று பெயர் சொல்லியிருந்தால் நான் வேறொன்றைத் தேர்ந்திருப்பேன்.

தடம் நல்ல சொல்தான். ஆனால் அது இரண்டு பக்கமும் பார்க்கிறது. பேருந்து வழித்தடம் என்றால் இனி போகப்போவது. தடம் பதித்தான் என்றால் போய் முடிந்தது. போதாக்குறைக்கு மைதானத்தின் 400 மீட்டர் ஓடுதடமும் இருக்கிறது. அதனால் என் பரிந்துரை: ரூட் – வழி, டிராக் – சுவடு. ஒருவர் கால் வைக்காமல் சுவடு உண்டாகாது. அந்த ஒரு சொல்லே, இது ஏற்கெனவே ஓடியது என்று சொல்லிவிடுகிறது.

சுவடியோடு குழம்பும் என்று யாராவது சொல்லக்கூடும். பன்மையில் ஓர் எழுத்துதான் வேறுபாடு, உண்மை. ஆனால் ஓட்டச் செயலியில் ஓலைச்சுவடி நினைவுக்கு வர இடமில்லை. 'ஓட்டச்சுவடு', 'சுவட்டுக் கோப்பு' என்று கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

இது அழகுக்காக மட்டும் கேட்பதல்ல. சுவட்டில் இடத்தோடு நேரமும் இருக்கிறது. வீட்டு வாசலில் தொடங்கினால் வாசலும், தினமும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதும் அதில் பதிந்துவிடும். ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலி, பயனர்களின் சுவடுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து வெளியிட்ட உலக வெப்பவரைபடத்தில், ராணுவ வீரர்கள் ஓடிய சுவடுகள் சேர்ந்து ராணுவத் தளங்களின் அமைப்பையே காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. 'வழியைப் பகிர்', 'சுவட்டைப் பகிர்' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தால், எதைக் கொடுக்கிறோம் என்பது அழுத்துகிறவருக்குத் தெரியும்.

அப்புறம் டிராக் என்பதன் வினை வடிவம். 'கண்காணிப்பைத் தொடங்கு' என்று யாரும் எழுத வேண்டாம், தயவுசெய்து. யாரோ பின்னாலிருந்து நம்மை வேவு பார்ப்பதுபோல இருக்கிறது. 'பதிவைத் தொடங்கு' போதும். தேடுமிடத்திலும் 'ஓட்டங்களைத் தேடு' வேண்டாம், 'வழிகளைத் தேடு' என்றே இருக்கட்டும். ஓட்டம் அவரவருடையது, அங்கே தேடுவது வழியைத்தான்.

சமூகம் பகிரும் வழிகளின் பக்கத்துக்கு 'ஆற்றுப்படை' என்று பெயர் வைக்க எனக்கு மிகவும் ஆசை. சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படைப் பாட்டில் பரிசில் பெற்றுத் திரும்புகிறவர் எதிரே வருகிறவருக்கு வழி சொல்லி அனுப்புவதும், மேட்டையும் நாய்த் தொல்லையையும் குறிப்பெழுதி வழியைப் பகிர்வதும் ஒரே செயல்தான். ஆனால் ஆறு என்றால் வழி என்ற பொருள் இன்று பேச்சில் இல்லை. பொத்தானைப் பார்க்கிறவர் நதி என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே 'பகிர்ந்த வழிகள்' என்றே வைக்கலாம்.

செக்மென்ட் என்பதற்குத்தான் எனக்கு இன்னும் சரியான சொல் அகப்படவில்லை. வழியின் ஒரு பகுதியைக் குறித்துவைத்து, அதை ஓடியவர்களின் நேரங்களை வரிசைப்படுத்துவது அது. 'துண்டு' என்றால் வெட்டி எடுத்ததுபோல ஒலிக்கிறது. 'பகுதி' எங்கும் பொருந்திவிடுகிறது. 'போட்டிக்கூறு' என்று ஒன்று தோன்றியது, வாயில் சரியாக உட்காரவில்லை. மேட்டு ஓட்டம் ஓடுகிறவர்கள் உங்களுக்குள் இதை எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்?