சூம் வகுப்பும் பிடிஎஃப் ரியூட்டும் ஒரே டெப்பில: திரையை எப்பிடிப் பிரிக்கிறது?

இரணைமடு
வணக்கம். தங்கச்சி உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிக்கிறா, புதுக்குடியிருப்பில இருந்து ஒன்லைன் வகுப்பு. டெப் (டெப்லட்) 10.5 இஞ்சி, அன்ட்ரொயிட் 13, ரம் (நினைவகம்) 3 ஜிபி. வகுப்பு சூமில நடக்கும், சேர் தாற ரியூட் (பாடத்தாள்) பிடிஎஃப் ஆக வரும். ரியூட்டைத் திறந்தால் சேர் எழுதுறது மறைஞ்சு போகுது. ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சால் எழுத்து எறும்பு மாதிரித் தெரியுது. நடுக்கோட்டை இழுத்து ரியூட்டைப் பெரிசாக்கினால் அது முதலாம் பக்கத்துக்கு ஓடிப்போகுது. கீபோர்ட் வந்தால் கீழ்ப்பாதி முழுக்க மூடுது. புது டெப் வாங்காமல் இதைச் சரிப்படுத்த ஏலுமோ?

கனகராயன்
ஏலும். முதல்ல பிரிக்கிற முறையைச் சரியாச் செய்யுங்கோ, கனபேர் அதிலதான் பிழை விடுறவை.

சூமையும் பிடிஎஃப் அப்பையும் ஒருக்கால் திறந்துபோட்டு, திறந்த அப்புகளை அட்டை அட்டையாக் காட்டுற ரீசன்ட்ஸ் பட்டனை அமத்துங்கோ. சூம் அட்டையின்ர மேல் பக்கத்தில சின்ன ஐகன் இருக்கும். அட்டையைத் தொடாமல் அந்த ஐகனைத் தொட வேணும். வாற பட்டியலில 'ஸ்பிளிட் ஸ்கிரீன்' எண்டதைத் தெரிஞ்சு, மற்றப் பக்கத்துக்குப் பிடிஎஃப் அப்பைக் குடுங்கோ. கீழ டாஸ்க்பார் (அப் ஐகன் வரிசை) வாற டெப் எண்டால் இன்னும் லேசு: ஒரு அப்பைத் திறந்து வைச்சுக்கொண்டு, மற்றதின்ர ஐகனை டாஸ்க்பாரில இருந்து திரையின்ர ஓரத்துக்கு இழுத்து விட்டால் காணும்.

அந்தத் தெரிவே வராத அப்பும் இருக்குது. சம்சுங் எண்டால் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸ், லாப்ஸ் எண்டு போய் 'மல்டி விண்டோ ஃபோர் ஓல் அப்ஸ்' போடுங்கோ. மற்ற டெப்புகளில செட்டிங்ஸில இருக்கிற 'பில்ட் நம்பரை' 7 தரம் தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதுக்குள்ள 'ஃபோர்ஸ் அக்டிவிட்டீஸ் டு பி ரீசைசபிள்' போட்டு டெப்பை ஒருக்கால் நிப்பாட்டி எழுப்புங்கோ. வேற ஒண்டையும் அதுக்குள்ள தொடாதேங்கோ.

முத்தையன்கட்டு
எழுத்துச் சின்னதாகிறதுக்குக் காரணம் கணக்கிலயே இருக்குது. 16:10 திரை, 10.5 இஞ்சி: படுக்க வைச்சால் அகலம் கிட்டத்தட்ட 22.6 சென்ரிமீற்றர். பாதி 11.3. ரியூட் ஏ4, 21 சென்ரிமீற்றர் அகலம். அப்ப பக்கம் 54 வீதத்துக்குச் சுருங்குது, 11 பொயின்ற் எழுத்து 6 பொயின்ற் ஆகுது. தமிழ் எழுத்துக்கு அது காணாது. 'ண', 'ன' சுழி ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போகும், மெய்யெழுத்தின்ர புள்ளி தெரியாது. சமன்பாட்டில கீழ எழுதுற சின்ன இலக்கம் இன்னும் மோசம்.

இதுக்கு மருந்து ஓரவெள்ளையை வெளிய தள்ளுறது. ஏ4 பக்கத்தில ரெண்டு பக்கமும் 2.5 சென்ரிமீற்றர் சும்மா வெள்ளை. எழுத்து இருக்கிறது 16 தான். எழுத்து மட்டும் அகலத்தை நிரப்புற அளவுக்கு ரெண்டு விரலால விரிச்சால் பாதித் திரையிலயே 8 பொயின்ற் கிடைக்கும். கோட்டைத் தள்ளி ரியூட்டுக்கு மூன்றில ரெண்டு பங்கு குடுத்து, வெள்ளையையும் தள்ளினால் 10 பொயின்ற் தாண்டும், கிட்டத்தட்ட அச்சடிச்ச அளவு.

ஆனால் அப்ப சேரின்ர படம் 7.5 சென்ரிமீற்றர் அகலம்தான். அவர் வாயால விளங்கப்படுத்துற நேரம் அது காணும். போர்ட்டில கணக்குச் செய்யேக்க பாதிக்குப் பாதிக்கு வர வேணும்.

வவுனிக்குளம்
முதலாம் பக்கத்துக்கு ஓடுறது டெப்பின்ர பழுதில்லை. கோட்டை நகர்த்தினாலோ, டெப்பைத் திருப்பினாலோ திரையின்ர அளவு மாறினதா அன்ட்ரொயிட் அப்புக்குச் சொல்லும். கன அப் அந்த நேரம் தன்ர திரையை அழிச்சுப்போட்டுத் திரும்பக் கட்டும். எந்தப் பக்கத்தில நிண்டது எண்டு எழுதி வைக்காத அப் எண்டால் முதலாம் பக்கத்தில தொடங்கும். திரை தானாத் திரும்புற ஓட்டோ ரொட்டேட்டை நிப்பாட்டுங்கோ. கடைசிப் பக்கத்தை ஞாபகம் வைக்கிற பிடிஎஃப் அப் ஒண்டுக்கு மாறுங்கோ. சோதிக்கிறது சுகம்: 20ஆம் பக்கத்துக்குப் போய்க் கோட்டை இழுத்துப் பாருங்கோ. அதிலயே நிண்டால் அந்த அப் காணும்.

ரியூட்டை பிரவுசருக்குள்ள வைச்சுப் பாக்கவேண்டாம். 3 ஜிபியில வேற அப்புக்குப் போய் வாறதுக்குள்ள பிரவுசர் பக்கத்தை விட்டுடும், திரும்ப இறக்க டேட்டாவும் போகும். சிக்னல் ஒரு கோடு, ரெண்டு கோடு எண்டு நிக்கிற இடத்தில அது பெரிய இடைஞ்சல். மற்றப் பாடப் புத்தகங்களையும் வகுப்புக்கு முந்தியே டெப்பில இறக்கி வையுங்கோ.

இன்னொண்டு. விடை எழுதின கொப்பியைப் படம் எடுக்க முதல் சூமில வீடியோவை நிப்பாட்டச் சொல்லுங்கோ. கமராவை ரெண்டு அப் ஒரே நேரம் பிடிக்க ஏலாது, ஒண்டு மற்றதைத் தள்ளிவிடும்.

கீபோர்டுக்கு: கூகிளின்ர கீபோர்டான ஜிபோர்டில நாலு கட்டம் போட்ட ஐகனைத் தட்டி 'ஃப்ளோட்டிங்' தெரிஞ்சால் சின்னப் பெட்டியா மிதக்கும், சேரின்ர பக்கம் மூடாத மூலைக்கு இழுத்து விடலாம். எண்டாலும் பௌதிகவியல் குறிப்பைக் கொப்பியில எழுதுறதுதான் நல்லது. வரைபடத்தைத் தட்டச்சு செய்ய ஏலாது தானே.

இரணைமடு
நன்றி அண்ணை ஆக்கள். ஓட்டோ ரொட்டேட்டும் பிடிஎஃப் அப்பும் மாத்தினாப் பிறகு பக்கம் அசையாமல் நிக்குது. தம்பியிட்ட 8.7 இஞ்சி டெப் இருக்குது, அதிலயும் இதே மாதிரி வைக்கலாமோ?

முத்தையன்கட்டு
அதைப் படுக்க வைக்காதேங்கோ. 1340க்கு 800 திரை எண்டால் படுக்கையில பாதி 9.5 சென்ரிமீற்றர்தான் வரும். நிமித்தி வைச்சால் முழு அகலம் 11.3, உங்கட பெரிய டெப்பின்ர பாதி அகலத்துக்குச் சமன். மேல சூம், கீழ ரியூட். வீடியோ 16:9 எண்டால் 6.4 சென்ரிமீற்றர் உயரம் காணும், அதால கோட்டைக் கொஞ்சம் மேல தள்ளி மிச்சத்தை ரியூட்டுக்குக் குடுங்கோ. பக்கம் முழுசாத் தெரியாது, உருட்டி உருட்டித்தான் வாசிக்க வேணும்.

கனகராயன்
சம்சுங் எண்டால் பிரிச்சு வைச்சபிறகு நடுக்கோட்டில இருக்கிற பிடியைத் தட்டிச் சோடியைச் சேமிக்கலாம். ஹோம் ஸ்கிரீனில ரெண்டு அப்புக்கும் ஒரே ஐகன் வரும். நாளைக்கு வகுப்புக்கு அதை ஒருக்கால் தட்டினால் காணும்.